வயதான வாட்சனுக்கு 12 கோடி: சென்னை கொடுத்தது தகுமா?

2018 ஜனவரி கடைசியில் பெங்களூரில் நடந்த ஐ.பி.எல். ஏலத்தில், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ஷேன் வாட்சனை 4 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அப்போது அவருக்கு 36 வயது. ஆஸ்திரேலிய அணியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகப்போகிற நேரம். முந்தைய சீசனில் பெங்களூர் அணிக்காக 8 ஆட்டம் ஆடி மொத்தம் 71 ரன் எடுத்திருந்தார். நம்ம கொரட்டூர் ஏரிக்கரை நடைப்பயிற்சிக் கூட்டத்தில் "நாலு கோடி தண்டம்" என்று சொல்லாதவர்கள் குறைவு.

அடுத்த இரண்டு வருஷமும் அதே சம்பளத்துக்கு அவரை வைத்துக்கொண்டார்கள். ஆக மொத்தம் 12 கோடி. இந்தச் செலவு தகுமா, தகாதா என்று இன்றைக்கும் பேச்சு வந்தால் கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு கட்சி 2018 மே 27-ஆம் தேதியைச் சொல்லும். எதிர்க்கட்சி 2020-ஐச் சொல்லும். இரண்டு கட்சியும் உண்மையைத்தான் சொல்கின்றன. நான் அரசாங்கத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன். கோப்பின் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் குறிப்பு எழுதுவது வழக்கம். அந்த வழக்கப்படியே இதையும் பார்க்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இது வாட்சனைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. வயதானவனுக்கு என்ன விலை, எதுவரை வைத்துக்கொள்ளலாம், எப்போது விடைகொடுக்க வேண்டும் என்கிற கேள்வி. இதைப் படிக்கிற நம்மில் பலரும் அந்தக் கேள்விக்குள் இருப்பவர்கள்தான்.

மதராஸ் முன்பே பார்த்தது

வயதான ஆளை நம்பி முதலில் இறக்குவது சென்னைக்குப் புதிது இல்லை. 1956 ஜனவரியில், சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நியூசிலாந்தோடு டெஸ்ட் மேட்ச். இந்தியாவுக்கு ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் வினு மன்கட், பங்கஜ் ராய். மன்கட்டுக்கு அன்று 38 வயது. இரண்டு பேரும் சேர்ந்து 413 ரன் எடுத்தார்கள். ராய் 173, மன்கட் 231. முதல் விக்கெட்டுக்கு 413 என்கிற அந்த உலக சாதனை 2008 வரை, 52 வருஷம் நின்றது. மன்கட்டின் 231-ஐ ஓர் இந்தியர் தாண்டுவதற்கு 1983 டிசம்பர் வரை ஆயிற்று. அதுவும் இதே ஊரில், சேப்பாக்கத்தில், கவாஸ்கர் எடுத்த 236.

எதிர் உதாரணமும் உண்டு. அதற்கும் நம் மண்ணோடு சம்பந்தம் இருக்கிறது. ஊட்டியில் பிறந்த காலின் கௌட்ரி, இங்கிலாந்தின் பெரிய பேட்ஸ்மேன்களில் ஒருவர். 1974 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் லில்லியும் தாம்சனும் இங்கிலாந்து பேட்ஸ்மேன்களின் கைகளை உடைத்துக்கொண்டிருந்தபோது, 42 வயதுக்குச் சில நாட்களே இருந்த கௌட்ரியை ஊரிலிருந்து அவசரமாக வரவழைத்தார்கள். விமானத்திலிருந்து இறங்கிச் சில நாட்களில் பெர்த்தில் ஆடினார். 22, 41. தைரியத்தில் குறை இல்லை. ஆனால் அந்தத் தொடரின் 5 டெஸ்டில் அவர் எடுத்தது மொத்தம் 165 ரன்தான். தொடரும் கைவிட்டுப் போனது.

மூன்று வருஷம் கழித்து பாப் சிம்ப்சனை, 41 வயதில், பத்து வருஷ ஓய்வுக்குப் பிறகு ஆஸ்திரேலியா கேப்டனாகக் கூப்பிட்டது. இந்தியாவுக்கு எதிராக 1977-78 தொடரில் 539 ரன், இரண்டு சதம், 3-2 வெற்றி. ஆக, வயது மட்டும் விடை சொல்வதில்லை. எதற்காகக் கூப்பிடுகிறோம், பக்கத்தில் யாரை நிறுத்துகிறோம், எத்தனை நாளைக்குக் கூப்பிடுகிறோம் என்பதும் சேர்ந்துதான் சொல்கிறது.

அமெரிக்கப் பாடம், பிரெஞ்சுப் பாடம்

அமெரிக்கர்களின் பேஸ்பாலில் இது தினசரிச் சண்டை. பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கிற பெரிய ஆளுக்கு வயதாகும்போது எவ்வளவு கொடுப்பது என்று அங்கே புத்தகமே எழுதுவார்கள். ஆல்பர்ட் புஹோல்ஸ் என்று ஒருவர். செயின்ட் லூயிஸ் அணிக்கு 11 வருஷம் ஆடி, இரண்டு முறை சாம்பியன் பட்டம் வாங்கித் தந்தவர். 2011 டிசம்பரில் அவருக்கு 31 வயது. லாஸ் ஏஞ்சலஸ் ஏஞ்சல்ஸ் அணி 10 வருஷத்துக்கு 240 மில்லியன் டாலர் என்று ஒப்பந்தம் போட்டது. அந்தப் பத்து வருஷத்தில் அந்த அணி பிளே-ஆஃப் பக்கம் போனது ஒரே ஒரு தடவை. அதிலும் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. 2021 மே மாதம், ஒப்பந்தம் முடிவதற்குள்ளேயே அவரை அனுப்பிவிட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. 2022-ல், 42 வயதில், பழைய செயின்ட் லூயிஸ் அணி அவரை ஒரே ஒரு வருஷத்துக்கு, இரண்டரை மில்லியன் டாலருக்கு எடுத்தது. அந்த வருஷம் 24 ஹோம் ரன் அடித்தார். 700-ஐத் தாண்டி 703-ல் ஓய்வு பெற்றார். அதே ஆள்தான், அதே கைதான். பத்து வருஷச் சீட்டு நஷ்டம், ஒரு வருஷச் சீட்டு லாபம். இதை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு மீடியத்தில். 1962-ல் பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது பள்ளிக்கூடத்தில்தான் இருந்தேன். எங்களுக்குக் கால்பந்து முதலில் வந்தது, கிரிக்கெட் பிறகுதான் வந்தது. அதனால் கால்பந்திலிருந்தும் ஒரு கதை சொல்லாமல் விட முடியாது. 1990 உலகக் கோப்பைக்கு முன்னால் கேமரூன் நாட்டு ரோஜர் மில்லா, சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்று, ரெயூனியன் தீவில் சின்ன அணி ஒன்றுக்கு ஆடிக்கொண்டிருந்தார். வயது 38. நாட்டின் ஜனாதிபதியே கேட்டுக்கொண்டு அவரை அணிக்குள் கொண்டுவந்தார். பயிற்சியாளர் அவரை முழு ஆட்டம் ஆட விடவில்லை. எதிரணியின் கால்கள் களைத்துப்போன பிறகு மாற்று வீரராக இறக்கினார். ருமேனியாவுக்கு எதிராக 2 கோல், கொலம்பியாவுக்கு எதிராக 2 கோல். ஆப்பிரிக்காவிலிருந்து முதல் முறையாக ஒரு நாடு காலிறுதிக்குப் போனது.

இதே முறையை யோசிக்காமல் பின்பற்றினால் என்ன ஆகும் என்பதை 2014-ல் நம் நாட்டிலேயே பார்த்தோம். புதிதாகத் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில், 1998-ல் பிரான்ஸுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த அணியிலிருந்த ராபர் பிரேஸ், 41-ஐத் தொடும் வயதில் கோவாவுக்கு வந்தார். அடித்தது ஒரே ஒரு கோல். கூட்டம் வந்தது, டிக்கெட் விற்றது, அவ்வளவுதான். அறிவு இளமைக்கு இல்லை, தெம்பு முதுமைக்கு இல்லை என்கிற பொருளில் பிரெஞ்சில் ஒரு பழமொழி உண்டு. மில்லாவின் பயிற்சியாளர் செய்த வேலை, அந்த இரண்டையும் அரை மணி நேரத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக் காட்டியது.

சென்னையின் பழக்கம்

சூப்பர் கிங்ஸ் அணிக்கு ஆரம்பத்திலிருந்தே ஓய்வு பெற்ற ஆஸ்திரேலியர்கள் மேல் ஒரு பிரியம். மேத்யூ ஹேடன் 2009 ஜனவரியில் சர்வதேச கிரிக்கெட்டை விட்டார். அதே வருஷம் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஐ.பி.எல்.லில், 37 வயதில், 12 ஆட்டத்தில் 572 ரன் எடுத்து ஆரஞ்சுத் தொப்பி வாங்கினார். ஆனால் அணி அரையிறுதியோடு திரும்பியது.

அடுத்த வருஷம் அவர் 'மங்கூஸ்' என்கிற குட்டை மட்டையோடு வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். டெல்லியில் 43 பந்தில் 93. அந்த ஒரு நாளைத் தவிர்த்தால் மட்டையைவிட மட்டையைப் பற்றிய பேச்சுதான் அதிகம். சீசன் முழுக்க 346 ரன். ஆனால் கோப்பை வந்தது அந்த 2010-ல்தான். காரணம், மறுமுனையில் நம்ம முரளி விஜய் 458 ரன், மூன்றாவதாக வந்த ரெய்னா 520 ரன். கிழவர் தனியாகச் சுமந்த வருஷம் கோப்பை இல்லை. இளைஞர்கள் தோள் கொடுத்த வருஷம் கோப்பை உண்டு.

2013-ல் மைக் ஹஸ்ஸி. அவரும் அந்த ஜனவரியில்தான் ஓய்வு பெற்றவர். 38-ஐத் தொடும் வயதில் 733 ரன், ஆரஞ்சுத் தொப்பி. இறுதிப் போட்டியில் மும்பையிடம் தோல்வி. இந்தப் பின்னணி தெரிந்தால் 2018 ஏலத்தில் வாட்சனுக்குக் கை தூக்கியது திடீர் ஆசை இல்லை, பழைய பழக்கம் என்பது புரியும்.

2018

இரண்டு வருஷத் தடைக்குப் பிறகு அணி திரும்பி வந்த வருஷம் அது. தோனி, ரெய்னா, ஜடேஜா மூவரையும் தக்கவைத்துக்கொண்டதில் 80 கோடியில் 33 கோடி போய்விட்டது. மீதி 47 கோடியில் முழு அணியையும் கட்ட வேண்டும். தோனிக்கு 36 வயது, ஹர்பஜனுக்கு 37, இம்ரான் தாகிருக்கு 38. 'அப்பாக்களின் பட்டாளம்' என்று கேலி செய்தார்கள்.

வாட்சனுக்குக் கொடுத்த 4 கோடியை அந்த ஏலத்தின் மற்ற விலைகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். 26 வயது பென் ஸ்டோக்ஸுக்கு ராஜஸ்தான் கொடுத்தது பன்னிரண்டரை கோடி. இதே வாட்சனுக்கு 2016-ல் பெங்களூர் கொடுத்தது ஒன்பதரை கோடி. அந்த ஏலத்திலேயே அதுதான் அதிக விலை. அதாவது சென்னை அவரைப் பாதி விலைக்கும் குறைவாக எடுத்தது. பெங்களூருக்கு அவர் 2016-ல் 20 விக்கெட் எடுத்துக் கொடுத்தார் என்பது உண்மை. ஆனால் ஹைதராபாத்துக்கு எதிரான இறுதிப் போட்டியில் 4 ஓவரில் 61 ரன் கொடுத்தார், பெங்களூர் 8 ரன்னில் தோற்றது. அந்தக் காயம் அவர் மனதில் இருந்தது என்று அவரே பிறகு பேசியிருக்கிறார்.

சென்னை செய்த புத்திசாலித்தனம், அவரைப் பந்து வீச்சாளராக நம்பாததுதான். கொஞ்சம் வீசச் சொன்னார்கள், 6 விக்கெட் கிடைத்தது. முக்கிய வேலை, முதலில் இறங்கி அடிப்பது. முதல் ஆறு ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான் நிற்கலாம். ஓடி எடுக்க வேண்டிய தேவை குறைவு. கால் போன ஆளுக்குக் கை இருந்தால் போதும் என்கிற இடம் அது.

ஏப்ரலில் காவிரிப் போராட்டம். சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஆட்டத்தோடு மற்ற உள்ளூர் ஆட்டங்களை எல்லாம் புனேவுக்கு மாற்றினார்கள். ரசிகர்களை ஏற்றிக்கொண்டு சென்ட்ரலிலிருந்து ஒரு தனி ரயில், 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்து, புனேவுக்குப் போனது. மேற்கே போகிற வண்டி எல்லாம் நம்ம கொரட்டூர் ஸ்டேஷனைத் தாண்டித்தானே போக வேண்டும். அந்த மஞ்சள் சட்டைப் பிள்ளைகள் போய்ச் சேர்ந்து பார்த்த ஆட்டத்தில், ஏப்ரல் 20 அன்று, ராஜஸ்தானுக்கு எதிராக வாட்சன் 57 பந்தில் 106.

பிறகு மே 27, மும்பை வான்கடே. ஹைதராபாத் 178. வாட்சன் இறங்கினார். முதல் 10 பந்தில் ரன் இல்லை. பூஜ்யம். புவனேஷ்வர் குமாரின் முதல் ஓவர் மெய்டன். இந்த ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை பேர் அந்தப் பத்து பந்துக்குள் அவரைத் திட்டியிருப்பார்கள் என்று கணக்கு எடுத்தால் அதுவும் ஒரு சாதனையாக இருக்கும். அதற்குப் பிறகு 47 பந்தில் 117. சந்தீப் சர்மாவின் ஒரே ஓவரில் 27 ரன். மொத்தம் 11 நாலு, 8 சிக்ஸர். கூட்டிப் பாருங்கள், 92 ரன் எல்லைக்கோட்டிலிருந்து வந்தது. ஓடி எடுத்தது 25 ரன்தான். 18.3 ஓவரில் ஆட்டம் முடிந்தது.

இளைஞனாக இருந்திருந்தால் அந்தப் பத்து பந்துக்குப் பிறகு பதினோராவதைக் கண்ணை மூடிக்கொண்டு தூக்கியிருப்பான் என்று நான் நினைக்கிறேன். காத்திருந்தால் வரும் என்று தெரிந்திருப்பதற்குத்தான் அந்த 4 கோடி.

2019

ஒவ்வொரு சீசன் முடிவிலும் வீரரை வைத்துக்கொள்ளலாமா, விடலாமா என்று அணி முடிவு செய்யலாம். வாட்சனை வைத்துக்கொண்டார்கள். இதில் யாரும் குறை சொல்ல முடியாது. 555 ரன் எடுத்தவரை யார் விடுவார்கள்?

2019-ல் அவர் எடுத்தது 17 ஆட்டத்தில் 398. இந்த எண்ணை அப்படியே படித்தால் ஏமாந்துபோவோம். அதில் மூன்று ஆட்டம்: சேப்பாக்கத்தில் ஹைதராபாத்துக்கு எதிராக 96, விசாகப்பட்டினத்தில் டெல்லிக்கு எதிராக 50, இறுதிப் போட்டியில் மும்பைக்கு எதிராக 80. மூன்றும் சேர்ந்தால் 226. மீதி 14 ஆட்டத்தில் 172 ரன், சராசரிக்கு 12-தான் வருகிறது. வாரக்கணக்கில் அவர் தடுமாறியபோதும் தோனியும் ஃபிளெமிங்கும் மாற்றவில்லை. 96 அடித்த அன்று அந்த நம்பிக்கைக்கு அவர் இருவருக்கும் நன்றி சொன்னார்.

இறுதிப் போட்டி ஹைதராபாத்தில், மே 12. 150 எடுத்தால் கோப்பை. வாட்சன் 59 பந்தில் 80. கடைசி ஓவரில் 9 ரன் வேண்டும், மலிங்கா வீசுகிறார். நாலாவது பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடும்போது வாட்சன் ரன் அவுட். ஒரு ரன்னில் தோல்வி. மறுநாள்தான் தெரிந்தது, அவர் முழங்காலில் ரத்தம் வழிய ஆடியிருக்கிறார், ஆட்டம் முடிந்த பிறகு 6 தையல் போட்டிருக்கிறார்கள் என்று. யாரிடமும் சொல்லாமல் ஆடியிருக்கிறார்.

அந்த ரத்தக் கறை படிந்த கால்சட்டைப் படத்தைப் பார்த்துக் கண் கலங்காதவர்கள் சென்னையில் இல்லை. ஆனால் குறிப்பு எழுதுகிறவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றையும் எழுத வேண்டும். அந்த 80 இல்லாவிட்டால் ஆட்டம் கடைசி ஓவர் வரை வந்திருக்கவே வந்திருக்காது. அந்தக் கடைசி இரண்டாவது ரன்னுக்கு வேண்டியிருந்தது அறிவு இல்லை, கால். கால் ஒன்றுதான் அவரிடம் விலைக்கு வாங்க முடியாத சரக்கு.

2020

வைத்துக்கொள்ள வேண்டும் என்று 2018 கடைசியில் எடுத்த முடிவு கணக்கு. 2019 கடைசியில் எடுத்த முடிவு நன்றி. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

கொரோனா காரணமாக 2020 சீசன் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்தது. வாட்சனுக்கு 39 வயது. பஞ்சாபுக்கு எதிராக ஒரு நாள் பழைய வாட்சன் வந்தார். அவரும் டு பிளெசியும் விக்கெட் விழாமல் 181 எடுத்தார்கள், வாட்சன் 83. அதற்கு அப்புறம் பெரிதாக ஒன்றும் இல்லை. 11 ஆட்டம், 299 ரன். அணி 14-ல் 6 ஆட்டம்தான் ஜெயித்தது. ஏழாவது இடம். ஆடிய சீசன்களில் முதல் முறையாகப் பிளே-ஆஃபுக்குப் போகவில்லை. நவம்பர் தொடக்கத்தில் வாட்சன் எல்லா கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வு என்று அறிவித்தார்.

அந்தத் தோல்வியை வாட்சன் தலையில் மட்டும் போடுவது நியாயம் இல்லை. ரெய்னா ஆடவில்லை. அவரைவிட இளையவரான கேதார் ஜாதவ், 2018-ல் வாட்சனைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, 7.8 கோடிக்கு எடுக்கப்பட்டவர், அந்த வருஷம் முதல் ஆட்டத்திலேயே காயம் பட்டு வெளியேறினார். 2020-ல் 8 ஆட்டத்தில் 62 ரன். தண்டம் என்றால் வயது பார்த்து வருவதில்லை.

ஆனால் ஒரு விஷயம் இருக்கிறது. 20 லட்சத்துக்கு எடுக்கப்பட்ட ருதுராஜ் கெய்க்வாட் 2019 முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தார். 2020-ல் அவருக்கும் கொரோனா வந்து தாமதமானது. பிறகு வந்த சில வாய்ப்பில் 0, 5, 0. இளைஞர்களிடம் பொறி எதுவும் தெரியவில்லை என்கிற மாதிரி அந்த அக்டோபரில் தோனி பேசினார். அதற்கு ஊரெல்லாம் விமர்சனம். கடைசி மூன்று ஆட்டத்தில், இழக்க ஒன்றும் இல்லாத நேரத்தில், அந்தப் பையனைத் தொடர்ந்து இறக்கினார்கள். 65, 72, 62. அடுத்த வருஷம் 635 ரன், ஆரஞ்சுத் தொப்பி, கோப்பை.

வாட்சன் 14 ஆட்டத்தில் சராசரி 12 எடுத்தபோதும் வாய்ப்பு கிடைத்தது. பையனுக்குச் சில தோல்வியிலேயே பொறி இல்லை என்று பேச்சு வந்தது. முதியவருக்குக் காட்டிய பொறுமையை இளையவருக்கும் காட்டியிருந்தால் 2020 இவ்வளவு மோசமாகப் போயிருக்காது என்பதே என் எண்ணம்.

கணக்கு

இனி பேரேட்டைத் திறப்போம். 4 கோடியை 2018-ன் 555 ரன்னால் வகுத்தால் ஒரு ரன்னுக்குச் சுமார் 72,000 ரூபாய். 2019-ல் சுமார் ஒரு லட்சம். 2020-ல் சுமார் 1,34,000. மூன்று வருஷமும் சேர்த்து 12 கோடிக்கு 1,252 ரன், ஒரு ரன் சுமார் 96,000. ஒப்பிட, 2018-ல் ஸ்டோக்ஸின் 196 ரன், ஒன்று 6 லட்சத்துக்கு மேல் விழுந்தது. அவர் 8 விக்கெட்டும் எடுத்தார் என்பதைக் கழித்துக்கொள்ளலாம். அதே 2018-ல் சென்னைக்கே, 2.2 கோடிக்கு வந்த ராயுடு 602 ரன் எடுத்தார். ஒரு ரன் 36,500 ரூபாய். உண்மையான மலிவுச் சரக்கு அவர்தான், வாட்சன் இல்லை.

ஆனால் எல்லா ரன்னும் ஒரே எடை இல்லை. 2018 கோப்பைக்குப் பரிசுத் தொகை 20 கோடி, தோற்றவருக்குப் பன்னிரண்டரை கோடி. இறுதிப் போட்டியில் அடித்த அந்த 117 மட்டும் ஏழரை கோடி வித்தியாசத்தைக் கொண்டுவந்தது. மூன்று வருஷச் சம்பளத்தில் பாதிக்கு மேல் ஒரே ராத்திரியில் வசூல். யானை செத்தாலும் ஆயிரம் பொன் என்பார்களே, இது உயிரோடு இருந்த யானை.

பணம் மட்டும்தான் கணக்கு என்றால் இங்கேயே 'தகும்' என்று கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடலாம். ஆடிட்டில் ஒரு கேள்வி கேட்பார்கள்: இந்தப் பணத்துக்கு என்ன வாங்கினாய் என்று. அது சுலபமான கேள்வி. கேட்காத கேள்வி இன்னொன்று உண்டு: இந்த நாற்காலியில் இவர் உட்கார்ந்ததால் யார் நின்றார்கள்?

நாற்காலி

எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை, ஓய்வு பெற்ற ஒரு சூப்பரண்டை தொகுப்பூதியத்தில் ஆறு மாதத்துக்குத் திரும்பக் கூப்பிட்டார்கள். இருபது வருஷத்துத் தணிக்கைப் பத்திகள் தீராமல் கிடந்தன. எந்தக் கோப்பு எந்த மூட்டையில் இருக்கிறது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஆறு மாதத்தில் பெரும்பகுதியை முடித்துக் கொடுத்தார். அந்தச் செலவு பத்து மடங்கு தகும். பிறகு அவர் நல்லவர் என்பதற்காக, இன்னொரு ஆறு மாதம், இன்னொரு வருஷம் என்று நீட்டினார்கள். அவர் இருக்கிறார் என்பதால் பக்கத்து மேஜையில் இருந்த இளம் உதவியாளர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கேட்டால் "சார் பார்த்துக்குவார்". சார் உடம்பு முடியாமல் நின்றபோது பிரிவே நின்றது.

2020 மே மாதம் தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயதை 58-லிருந்து 59 ஆக்கியது. அடுத்த வருஷம் 60. அனுபவம் கூடுதலாக ஒரு வருஷம் கிடைக்கும், ஓய்வுக்காலப் பலன்களைக் கொடுப்பது தள்ளிப்போகும். வேலைக்குத் தேர்வு எழுதிக் காத்திருந்த பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருஷம் வேறு மாதிரி தெரிந்திருக்கும். 58-ல் வீட்டுக்கு வந்தவன் நான். எனக்கும் இன்னும் இரண்டு வருஷம் வேலை பார்க்கத் தெம்பு இருந்தது. ஆனால் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவருக்கு அப்போது 31 வயது, இரண்டு குழந்தைகள். அவர் இரண்டு வருஷம் காத்திருந்திருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

முடிவுக் குறிப்பு

புஹோல்ஸ் கதையை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக்கு எடுத்தவர் ஏமாந்தார், ஒரு வருஷத்துக்கு எடுத்தவர் ஜெயித்தார். என் குறிப்பு இதுதான். 2018-ல் வாட்சனை எடுத்தது முழுக்கத் தகும். 2019-ல் வைத்தது தகும், ஆனால் பக்கத்தில் ஓர் இளைஞனைத் தயார் செய்திருக்க வேண்டும். 2020-ல் வைத்தது தகாது. அந்த 4 கோடி பெரிய பணம் இல்லை, ஒரு பையனின் ஒரு வருஷம் பெரியது.

இதனால் வயதானவரை எடுக்கவே கூடாது என்று யாரும் அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். 2021 இறுதிப் போட்டியில், துபாயில், கொல்கத்தாவுக்கு எதிராகச் சென்னைக்கு ஆட்டத்தைத் தொடங்கியவர்கள் 24 வயது ருதுராஜும் 37 வயது டு பிளெசியும். சீசன் முழுக்க ஒருவர் 635, மற்றவர் 633. இரண்டு ரன்தான் வித்தியாசம். அன்று டு பிளெசி 86 அடித்தார், கோப்பை சென்னைக்கு வந்தது. 1956-ல் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் 38 வயது மன்கட்டோடு இறங்கிய பங்கஜ் ராய்க்கு வயது 27.